உங்களுக்குத் தெரியுமா? கலகெதரவில் காணி பார்க்கப் போகிறவருக்கு

கண்டி டவுனுக்குள் ஒரு வீடு என்பது பலருக்கு உச்சாணிக் கொப்பில் காய்த்த பலா. சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, குருணாகல் வீதி வழியே விசாரித்துக்கொண்டே போய்க் கலகெதரவில் இறங்குகின்றன. பேர்ச் விலை அங்கே டவுனைவிடக் கீழே. அந்த விலைக்குப் பின்னால் இருக்கும் தாள், மண், மரம், பாதை, சட்டம் பற்றிச் சில துணுக்குகள் இங்கே.

பெயரிலேயே வீடு
சிங்களத்தில் 'கல' என்றால் கல், பாறை. 'கெதர' என்றால் வீடு. வீடு தேடிப் போகிற ஊரின் பெயரே கல்வீடு! கண்டிச் சிங்களவர் பலருடைய வாசகம என்னும் பரம்பரைப் பெயரிலும் 'கெதர' வரும். ஆளுக்கு முன்னே அவருடைய பூர்வீக வீடு வந்து நிற்கும். காணி உறுதியில் அந்த நீளப் பெயர் முழுதாக இருக்கும். விற்பவரின் அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

இரண்டு கந்தோர், ஒரே பெயர்
கலகெதர, கண்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கட்டுகஸ்தோட்டையில் தொடங்கிக் குருணாகல் வழியாகப் புத்தளம் போகும் ஏ-10 வீதியில் இருக்கிறது. ஆனால் கந்தோர்ப் பலகைகளில் 'தும்பனை' என்று எழுதியிருக்கும். வீட்டுப் பிளானுக்கு அனுமதி தருவது தும்பனைப் பிரதேச சபை. அரச காணி, பேமிட் (அனுமதிப்பத்திர) விடயங்களுக்குத் தும்பனைப் பிரதேச செயலகம். மாறிப் போனால் ஒரு நாள் லீவு வீண்.

டவுனில் ஏன் இடமில்லை?
கண்டியை மகாவலி மூன்று பக்கம் வளைத்து ஓடுகிறது. ஒரு பக்கம் ஹந்தானை மலை. நடுவே 104 ஹெக்டேயர் உடவத்தகெலே காடு. கண்டி ஏரி இருக்கும் இடம்கூட முன்பு வயல்தான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதை ஏரியாக்கினான். 1988இல் நகரம் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. புராதனப் பகுதியில் நினைத்தபடி கட்ட முடியாது. நகரம் பக்கத்து ஊர்களுக்கு வழிந்தது இப்படித்தான்.

காவல் அரண் இருந்த ஊர்
இன்று பஸ் மூச்சுவாங்கி ஏறும் கலகெதரக் கணவாய், அன்று கண்டி இராச்சியத்தின் வாசல்களில் ஒன்று. 1803இல் கண்டிக்கு ஏறிய பிரித்தானியப் படை, கலகெதரவிலும் கிரிஹாகமவிலும் இருந்த அரண்களைப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தது. அன்று ஆள் வராமல் இருக்கக் காவல் போட்ட இடத்தில், இன்று ஆள் வரவேண்டும் என்று 'காணி விற்பனைக்கு' பலகை.

ஓடு போட்டால் குற்றம்
1660இல் சிறைப்பட்டு 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி நாட்டில் இருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் அக்காலக் குடியானவர் வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மாடி வைத்துக் கட்டக் கூடாது, ஓடு வேயக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. அன்று வீட்டின் தோற்றத்துக்கே அரசனின் சட்டம். இன்று பிரதேச சபை பார்ப்பது, எல்லையிலிருந்து எவ்வளவு விட்டுக் கட்டுகிறீர்கள் என்பதை.

பேர்ச் வந்த வழி
பேர்ச் என்பது பழைய ஆங்கிலேயரின் அளவுகோல்: பதினாறரை அடி நீளம். அதன் சதுரம் 272.25 சதுர அடி. 40 பேர்ச் ஒரு ரூட், 160 பேர்ச் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்தாருக்கு 10 பேர்ச் ஒரு பரப்பு. தமிழ்நாட்டாருக்கு அதே 10 பேர்ச் 6.25 சென்ட், சென்னை கிரவுண்ட் ஒன்று ஏறக்குறைய 8.8 பேர்ச்.

0.0253 என்றால் பயப்படாதீர்கள்
பழைய பிளானில் ஏக்கர், ரூட், பேர்ச் என்று மூன்று எண் வரும். 0-1-12.5 என்றிருந்தால் 52.5 பேர்ச். புதிய பிளானில் ஹெக்டேயர். 0.0253 ஹெக்டேயர் என்பதைப் பார்த்துவிட்டு 'இவ்வளவு துண்டுதானா' என்று முகம் சுளிக்க வேண்டாம். அது 10 பேர்ச்.

நெல்லால் அளந்த நிலம்
கண்டிப் பக்கத்துப் பழைய உறுதிகளில் நிலத்தின் அளவு நீள அகலத்தில் இராது. விதை நெல்லில் இருக்கும். 10 லாஹ ஒரு பேல, 4 பேல ஒரு அமுணம். 'இரண்டு பேல விதைப்பாடு' என்றால் அவ்வளவு நெல் விதைக்கக்கூடிய நிலம். ஈரவயலுக்கும் மேட்டு நிலத்துக்கும் விதை ஒரே அளவு போகாது. ஆகவே இந்தக் கணக்கு ஊருக்கு ஊர் நீளும், சுருங்கும். பழைய உறுதியை நம்பிப் பணம் கொடுக்குமுன் புதிதாக அளக்கச் சொல்வது இதனால்தான்.

காணிக்கும் பெயர் உண்டு
ஆளுக்குப் போலவே இங்கே ஒவ்வொரு காணிக்கும் உறுதியில் பெயர் இருக்கும். பெயர் 'வத்த' என்று முடிந்தால் தோட்டம், 'ஹேன' என்றால் முன்னாள் சேனைப் புனம், 'கும்புர' என்றால் வயல். மலை நாட்டில் மட்டமான காணி ஒன்று ஆச்சரியமான மலிவில் வந்தால், முதலில் அதன் பெயரின் வாலைப் பாருங்கள்.

வயலை நிரப்பினால்
2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது. மண் கொட்டி மட்டமாக்கிய 'கும்புர'வை வாங்கினால் இரண்டு தலையிடி. சட்டம் ஒன்று, மழைக்கு மழை இறங்கும் அத்திவாரம் மற்றது. கமநல சேவைகள் நிலையத்தில் ஒரு விசாரிப்பு இரண்டையும் தவிர்க்கும்.

1840இன் சட்டம் இன்றும்
'கைமாற்றுக் கடதாசி இருக்கிறது, முத்திரையில் கையெழுத்துக்கூட இருக்கிறது' என்பவரிடம் கவனம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்பாக, இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். தனிப்பட்ட முறையில் எழுதிக்கொண்ட கடதாசியால் காணி கைமாறாது.

ஒரு உறுதி, மூன்று பிரதி
நொத்தாரிசு எழுதும் உறுதி மூன்று படியாக இருக்கும். மூலப் பிரதி வாங்குபவருக்கு. இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு. மூன்றாவது நொத்தாரிசின் கோவையில். உங்கள் கையில் உள்ள பிரதியைக் கறையான் தின்றாலும் உரிமை போகாது. பதிவகத்தில் சான்றுபடுத்திய பிரதி எடுக்கலாம்.

முந்திப் பதிந்தவருக்கே
ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தால் யாருக்குச் சொந்தம்? முதலில் எழுதி வாங்கியவருக்கு என்றுதான் நினைப்போம். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டப்படி, மோசடி இல்லாமல், பணம் கொடுத்து வாங்கி, முந்திப் பதிவு செய்தவர் பக்கம் வெற்றி சாயும். உறுதி எழுதிய அன்றே பதிவுக்கு அனுப்பச் சொல்லி நச்சரிப்பது மரியாதைக் குறைவல்ல.

எழுத்து எந்த மொழி?
இலங்கையில் நொத்தாரிசுக்கு அனுமதி மொழிவாரியாக: சிங்களம், தமிழ், ஆங்கிலம். கலகெதரப் பக்கத்தில் பெரும்பாலான உறுதிகள் சிங்களத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாவிட்டால் 'தலையைத் தலையை ஆட்டிக் கையெழுத்து வைக்கிற' பழக்கத்தை விடுங்கள். தமிழ் அறிந்த சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு, பின்னால் வரும் அட்டவணையை வரி வரியாக வாசிப்பியுங்கள். காணியின் நான்கு எல்லையும் அதில்தான் இருக்கின்றன.

முப்பது வருடக் கதை
கடன் கேட்டுப் போனால் வங்கிகள் வழக்கமாகக் கேட்பது கடந்த 30 வருட உரித்துத் தொடர். யாரிடமிருந்து யாருக்கு, இடையில் ஈடு வைத்தார்களா, வழக்குப் போட்டார்களா என்ற முழுக் கதையும் பதிவகத்தின் பக்கங்களில் உண்டு. ஊரார் 'பத்திரு' என்று சொல்லும் அந்தப் பிரதிகளுக்குக் கொடுக்கும் சில்லறைக் காசு, வீடு வாங்கும் செலவிலேயே மிக இலாபமான செலவு.

ஆறில் ஒரு பங்கு
உறுதியில் 'பிரிபடாத 1/6 பங்கு' என்று இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் வாங்குவது வேலி போட்ட துண்டு அல்ல. முழுக் காணியிலும் ஆறில் ஒன்று. முற்றத்து மாமரத்திலும் மற்றப் பங்காளிகளுக்குப் பங்கு உண்டு. எல்லோரும் ஒத்துக்கொண்டால் பிரித்துப் பிளான் போடலாம். இல்லையேல் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி வழக்கு. அது எப்போது முடியும் என்று பேரப்பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரே தெரு, மூன்று சட்டம்
அடுத்தடுத்து மூன்று வீடு. ஒன்று கண்டிச் சிங்களவருடையது, ஒன்று முஸ்லிமுடையது, ஒன்று மலையகத் தமிழருடையது. மூன்று தகப்பன்மாரும் மரண சாசனம் எழுதாமல் இறந்தால், மூன்று வீடும் மூன்று விதமாகப் பிரியும். கண்டிச் சட்டத்தில், தகப்பன் இருக்கும்போதே 'தீக' முறையில் கணவன் வீட்டுக்கு மணம் முடித்துப் போன மகள் அவருடைய பரவேணி என்னும் பரம்பரைச் சொத்தில் பங்கை இழப்பாள். பிறந்த வீட்டிலேயே இருந்து 'பின்ன' முறையில் மணந்தவள் இழக்கமாட்டாள். முஸ்லிம் சட்டத்தில் மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. மலையகத் தமிழருக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்தில் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. விற்பவர் யார், எந்தச் சட்டம் என்று தெரிந்தால்தான் யார் யார் கையெழுத்து வேண்டும் என்று தெரியும்.

கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம்
விற்பவருக்கு அந்த வீடு நன்கொடை உறுதியால் வந்ததா? கண்டிச் சட்டத்தில் நன்கொடை உறுதியைக் கொடுத்தவரே இரத்துச் செய்யக்கூடிய நிலைகள் உண்டு. வாழும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு எழுதிய தகப்பன் இன்னும் உள்ளறையில் பாய் போட்டுப் படுத்திருந்தால், அவருடைய கையெழுத்தும் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம்.

கடமை ஒட்டிய காணி
கண்டி அரசர்கள் தலதா மாளிகைக்கும் விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் ஊர் ஊராக நிலம் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் குடியிருந்தவர் மேளம் அடிக்க வேண்டும், பெரஹராவில் நடக்க வேண்டும், விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோக வேண்டும். 1870ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஊழியத்தைப் பணமாகச் செலுத்தவும் வழி செய்தது. காணி கைமாறினாலும் கடமை காணியை விட்டுப் போகாது.

மலிவு பேமிட்
பக்கத்துக் காணியைவிடப் பாதி விலை என்றால் பெரும்பாலும் அது பேமிட் காணி, அல்லது 'ஸ்வர்ணபூமி', 'ஜயபூமி' அளிப்பு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த இவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. இத்தகைய காணிகளுக்கு முழு உரிமை கொடுக்க 2024இல் 'உருமய' திட்டம் தொடங்கியது. விற்பவர் கையில் இருப்பது எந்தத் தாள் என்று கேளுங்கள். விலையை அப்புறம் கேட்கலாம்.

பத்து வருடம் இருந்தால்
1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, ஒருவருடைய காணியை மற்றொருவர் 10 ஆண்டு தடையின்றி, உரியவருக்கு எதிராகத் தனதாகவே ஆண்டுவந்தால் நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். அரச காணிக்கு இந்தப் பத்தாண்டுக் கணக்கு செல்லாது. வெளியூரில் இருந்துகொண்டு காணி வாங்கிப் போடுபவர் வருடத்துக்கு ஒருமுறையாவது வேலியைப் பார்க்க வருவது நல்லது.

மண்ணுக்கும் சான்றிதழ்
கண்டி மாவட்டம் மண்சரிவு அபாயப் பட்டியலில் உள்ளது. அபாயப் பகுதிகளில் வீடு கட்ட, பிரதேச சபையின் அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் கொட்டிய மழையில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. அதற்குப் பின் ஊரார் காணி பார்க்கும்போது முதலில் அண்ணாந்து மேலே உள்ள சரிவைத்தான் பார்க்கிறார்கள்.

மலை பேசும் மொழி
நிலத்தில் புதிய வெடிப்பு. நிமிர்ந்து நின்ற கமுகும் லைற் போஸ்ற்றும் சாய்வது. இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்றில் திடீரெனச் சேறு. நேற்று வரை சாத்திய கதவு இன்று இறுகுவது. இவையெல்லாம் மண் நகரத் தொடங்கியதற்கு அடையாளம். வீடு பார்க்கப் போனால் புதிதாகப் பூசிய பெயின்ற்றில் மயங்காமல், சுவர் மூலையில் சாய்வாக ஓடும் வெடிப்பைத் தேடுங்கள்.

தகரப்பேணி போதும்
24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேறு. மண்சரிவு எச்சரிக்கைக்கான அடிப்படை அளவுகள் இவை. ஒரே மணித்தியாலத்தில் 75 வந்தாலும் வெளியேற வேண்டியதுதான். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள பேணி ஒன்றை முற்றத்தில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால், வானொலி சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மலிவை விழுங்கும் மதில்
சரிவுக் காணி மலிவு. ஆனால் மேலே ஒரு தாங்கு மதில், கீழே ஒரு தாங்கு மதில் கட்டாமல் அதில் வீடு நிற்காது. இங்கே கருங்கல்லும் மணலும் 'கியூப்' கணக்கில் வரும். ஒரு கியூப் 100 கன அடி. லொறி போகாத ஒற்றையடிப் பாதை என்றால் ஒவ்வொரு கல்லுக்கும் ஆள் கூலி. பேர்ச்சில் மிச்சம் பிடித்ததை மதில் தின்றுவிடும். மேசன் பாஸிடம் மதிலுக்கு ஒரு கணக்குப் போட்டு வாங்கி, அதைக் காணி விலையோடு கூட்டிப் பாருங்கள்.

தோட்டமும் சேர்த்துத்தான்
கண்டி வீட்டுத் தோட்டம் உலக விவசாய ஆய்வாளர்கள் எழுதித் தள்ளிய ஒன்று. கீழே கோப்பி, நடுவே கராம்பும் சாதிக்காயும், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, மேலே பலா, கித்துள், கமுகு என்று அடுக்கடுக்காக ஒரு சின்னக் காடு. பத்துப் பன்னிரண்டு நல்ல மிளகுக் கொடி உள்ள காணி, வருடத்தில் ஒரு தரமாவது கைச்செலவுக்குக் காசு தரும். 'வெட்டி வெளிசாக்கிய' காணியைவிடப் பற்றையான காணி சில வேளை பெறுமதி கூடியது.

பலாவில் கைவைக்க அனுமதி வேண்டும்
வாங்கிய காணியின் நட்டநடுவே பலாமரம். வெட்டிவிட்டுக் கட்டலாம் என்றால் முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதியின்றித் தறிக்கக் கூடாது. பலாவைச் சுற்றி வளைந்த சுவரோடு நிற்கும் வீடுகள் இதனால்தானோ என்னவோ!

ஆறு பேர்ச் போதுமா?
நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் செல்லும் இடங்களில், வீட்டுத் துண்டின் ஆகக் குறைந்த அளவு பொதுவாக 150 சதுர மீற்றர். அது ஏறக்குறைய 6 பேர்ச். அதற்குக் கீழே துண்டாடி விற்றால் பிளான் பாஸாகாது. நாலு பேர்ச் 'சின்னக் குடும்பத்துக்கு அளவானது' என்று யாராவது தேனொழுகப் பேசினால் சிரித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

விளம்பர அகராதி
'மலைக்காட்சி' என்றால் படிக்கட்டு எண்பது. 'அமைதியான சூழல்': மாலை ஆறரைக்குப் பின் பஸ் இல்லை. 'பிரதான வீதிக்கு ஐந்து நிமிடம்': இறங்கும்போது ஐந்து, ஏறும்போது இருபது. 'தண்ணீர் வசதி': மாசி, பங்குனியில் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். 'அவசர விற்பனை': அவசரம் விற்பவருக்கு, உங்களுக்கல்ல.

பாதை யாருடையது?
காணிக்குப் போகும் பத்தடிப் பாதை அடுத்தவர் காணியூடாகப் போகிறதா? அந்த வழியுரிமை உங்கள் உறுதியின் அட்டவணையில் எழுதியிருக்க வேண்டும். 'நாங்கள் சின்ன வயதிலிருந்து இதால்தானே போகிறோம்' என்பது விற்பவருக்குச் சரி. அவர் போன பிறகு அந்தக் கேற் உங்களுக்கும் திறக்குமா என்பதுதான் கேள்வி.

வாசலிலிருந்து கல்வீட்டுக்கு
மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மூன்றாம் கட்டம் பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரை, ஏறத்தாழ 32.5 கிலோமீற்றர் என்று திட்டமிடப்பட்டது. மீரிகம–குருணாகல் துண்டு 2022 ஜனவரியில் திறந்தது; அதே ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியதும் பெரிய வேலைகள் முடங்கின. நெடுஞ்சாலை தொடங்கும் கடவத்தைக்கு, சிங்களத்தில் காவல் வாசல் என்று பொருள். வரப்போகும் வீதியைக் காட்டி விலை ஏற்றினால், இன்றிருக்கும் வீதிக்கு மட்டும் விலை பேசுங்கள்.

இரண்டாம் பிரிவு அறிவித்தல்
பெரிய வீதி வரும் ஊரில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் முதல் மணி அடிப்பது 2ஆம் பிரிவு அறிவித்தல். காணி பொதுத் தேவைக்கு வேண்டியிருக்கலாம் என்று அது சொல்கிறது. 38ஆம் பிரிவின் அவசர ஏற்பாடு வந்தால் நட்டஈட்டுக்கு முன்பே காணி போய்விடலாம். பிரதேச செயலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

முத்திரைக் கணக்கு
காணி விலை உறுதியோடு முடிவதில்லை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். ஒரு கோடி ரூபா வீட்டுக்கு 3 இலட்சத்து 99 ஆயிரம். உறுதியில் குறைத்து எழுதித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். அரச மதிப்பீடு சொல்லும் பெறுமதிக்குத்தான் தீர்வை.

சேமலாப நிதி கைகொடுக்கும்
ஊழியர் சேமலாப நிதியில் உள்ள தொகையைப் பிணையாகக் காட்டி, அதன் 75 சதவீதம் வரை வீட்டுக் கடன் எடுக்கலாம். வயது 55 ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கடனுக்கென்றே அரச ஈட்டு முதலீட்டு வங்கியும் உண்டு. அதன் வேர் 1931இல் தொடங்கிய ஈட்டு வங்கி.

பத்து இலட்சம் வீடு
1984இல் இலங்கை பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தைத் தொடங்கியபோது அரசே கட்டிக் கொடுப்பதைக் குறைத்து, சிறு கடன் கொடுத்து மக்களையே கட்ட வைத்தது. இலங்கையின் யோசனையை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 1987ஐ வீடற்றோருக்கான உறைவிட ஆண்டாக அறிவித்தது.

ஏழு பேர்ச்
தலைமுறை தலைமுறையாக லயத்துக் காம்பராவில் இருந்த மலையகத் தமிழருக்கு, புதிய வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்ற கணக்கு வந்தது. 2017 மே மாதம் மலையகத்து நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அவர்களுக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். நாட்டுக்குத் தேயிலை கொடுத்தவர்களின் கைக்கு ஒரு காணி உறுதி வர நூறாண்டுக்கு மேல் சென்றது. கலகெதரவில் பத்துப் பேர்ச் கேட்டு வரும் தோட்டத்துப் பிள்ளைகள் உறுதியை ஏன் இரண்டு தரம் தடவிப் பார்க்கிறார்கள் என்று இப்போது விளங்கும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு
கனடாவிலோ இலண்டனிலோ குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை விட்டவர், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. தம்பி பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு தம்பியோடு கதையில்லாமல் போவதைவிட, முதலில் குடியுரிமைக் காரியத்தைப் பார்ப்பது மேல்.

லிங்கனும் மாடி எடுத்தார்
அமெரிக்காவின் இலினோய் மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபிரகாம் லிங்கன் 1844இல் ஒரு சிறு வீடு வாங்கினார். விலை 1,500 டொலர்: 1,200 காசாக, மீதிக்கு ஒரு துண்டுக் காணி. அவர் வாழ்நாளில் சொந்தமாக வைத்திருந்த ஒரே வீடு அதுதான். பிள்ளைகள் பெருக, 1856இல் அதை முழு மாடி வீடாக்கினார்கள். கலகெதரவில் கூரைக்கு மேல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் சிலாப் வீடுகளும் அதே எண்ணத்தில்தான் நிற்கின்றன: இப்போதைக்கு இவ்வளவு, மகன் தலையெடுத்ததும் மேல் மாடி.

உறுதி இரண்டு
இலங்கைத் தமிழில் காணிப் பத்திரத்துக்கு 'உறுதி' என்று பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். ஒரு உறுதி தாளில். அதைப் பதிவகம் சொல்லும். மற்றது மண்ணில், அதை ஐப்பசி மழை சொல்லும். பேர்ச் விலையைத் தரகரிடம் கேட்பதற்கு முன், ஒரு மழை நாளில் குடையோடு போய்க் காணியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தவருக்குப் பேரம் பேசத் தெரியும்.